ஏழாம் லைன்

ஏழாம் லைன், உப்பளக் கொட்டகை. குழாயடியில் இருப்பவர்கள்:

மணியம்மாள்
அஞ்சம்மாள்
ஆதிநாராயணன்
லாசரு
ஞானம்மா
கன்னியப்பன்
எத்திராஜு
தேசம்மாள்
தேசம்மாளின் கைக்குழந்தை, இன்னும் பேர் வைக்கவில்லை

எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். சொன்னால் கிளம்புகிறோம்.

அரசப்பன் கார்டைத் திருப்பிப் பார்த்தான். முகவரி சரியாக இருந்தது. முகைதீன் சவுண்டு சர்வீஸ், அரிசி மண்டி மாடி, மீஞ்சூர். தபால் முத்திரை இல்லை. உமர் பாரூக் டீக்கடைப் பெட்டியில் கையால் போடுகிற கார்டுகளுக்கு முத்திரை இருக்காது, அதில் தப்பில்லை. ஓரங்கள் மட்டும் வெள்ளையாகப் பொரிந்திருந்தன. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தான். உப்பு.

ஒன்பது பேரும் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். கார்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டான். மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, விளக்கு வைக்கும் முன்பே பஜார் இருட்டிக் கிடந்தது.

ஊரில் இந்த இடத்தை யாரும் சவுண்டு சர்வீஸ் என்று சொல்வதில்லை. ரேடியோ ஸ்டேஷன் என்றுதான் பேர். ஐம்பத்து மூன்று வரை அசன் முகைதீன் பாய் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கிக் குழாய் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சிலோன் ஸ்டேஷன் பாட்டுக்காக டீக்கடை வாசலில் ஜனம் மழையில் நனைந்துகொண்டு நிற்பதையும், நடுவில் வருகிற விளம்பரத்தைக்கூட வாய் திறந்து கேட்பதையும் பார்த்தவர், அதை நாமே செய்தால் என்ன என்று யோசித்தார். மூர் மார்க்கெட்டில் ஒரு பெரிய ஆம்ப்ளிபயரும் இரண்டு ரெக்கார்டு பிளேயரும் வாங்கினார். மண்டி மாடியிலிருந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார். பஜாருக்கு ஒன்று, ரைஸ் மில்லுக்கு ஒன்று, ரயிலடிக்கு ஒன்று என்று ஏழு லைன். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குழாய். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை பாட்டு. பாட்டுக்கு நடுவில் பீடி, சோடா, குடை, கூந்தல் தைலம்.

ஜனத்தைக் கட்டிப்போட்டது பாட்டுகூட இல்லை, பேர்தான். ஒரு கார்டில் குழாயடியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் பேரையும் எழுதிப் போடலாம். கிரேஸ் ஒரு பேரையும் விடாமல் மைக்கில் படிப்பாள். கூலிச் சீட்டைத் தவிர வேறெங்கும் தன் பேர் இல்லாதவர்கள், தன் பேர் வானத்திலிருந்து விழுவதைக் கேட்க மூன்று மைல் நடந்து வந்து குழாயடியில் உட்கார்ந்தார்கள்.

அரசப்பன்தான் ஆபரேட்டர். ஹெட்போனை எடுத்து மாட்டினான். ஆறு மணிக்கு முன் லைன் கேட்பது அன்றாட வேலை. குழாய்க்கு வாய் மட்டும் இல்லை, காதும் உண்டு. பஜாரில் இது யாருக்கும் தெரியாது. ஆம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு லைன் கம்பியில் ஹெட்போனைச் சொருகினால், குழாயடியில் பேசுவது மெலிசாகக் காதில் விழும். லைன் உயிரோடு இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பான். மீஞ்சூரில் யார் யாரைத் திட்டுகிறார்கள், யார் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அப்படித் தெரிந்ததுதான்.

முதல் லைனில் உமர் பாரூக் டம்ளர் கழுவுகிற சத்தமும் யாரோ பொறை ரொட்டியை டீயில் தோய்த்து உறிஞ்சுகிற சத்தமும் வந்தன. இரண்டில் மில்லின் வார்ப்பட்டை தப் தப்பென்று அடித்தது. மூன்றில் ரயிலடித் தகரத்தில் மழை. நான்கு, ஐந்து, ஆறு. கை பழக்கத்தில் ஏழுக்குப் போனது.

ஏழில் லைன் கிடையாது. புயலுக்குப் பிறகு மூன்று மைல் கம்பியையும் சுருட்டிக்கொண்டு வந்து கீழே மாடிப்படிச் சுவரில் மாட்டியாயிற்று. பிளக் பலகைக்குப் பின்னால் ஒரு முழக் கம்பி மட்டும் வெறுமனே தொங்குகிறது, முனையில் கறுப்பு டேப் சுற்றி.

ஹெட்போனைப் பிடுங்கப் போனவன் நின்றான்.

காலி ஓட்டையில் ஒன்றும் கேட்காது. பருத்தி அடைத்த காது மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு இடம் கேட்டது. கீற்றுக் கொட்டகையின் மேல் விழுகிற மழையும், அதன் கீழே நிறைய பேர் நெருக்கி உட்கார்ந்து பேசாமல் இருக்கும்போது உண்டாகிற அந்தக் கனமும், ஒருவர் துணியை இழுத்துப் போர்த்துவதும், ஒரு கிழவனின் சளி கட்டிய மூச்சும், ஒரு குழந்தை பால் குடிக்கும் சத்தமும், எல்லாம் தூரத்தில், எல்லாம் தெளிவாக.

யாரோ இருமினார்கள். யாரோ உஷ் என்றார்கள்.

பிடுங்கிவிட்டான்.

"லைன் கேட்டாச்சாண்ணே?" கிரேஸ் படியேறி வந்து குடையை உதறினாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மைக்கில் பேசும்போது ஒரு தமிழ், கீழே இறங்கினால் வேறு தமிழ்.

"கேட்டாச்சு. ஆறும் சரியாக்கீது."

அவள் கார்டுகளை எண்ணினாள். "பாரூக் அண்ணன் பத்துன்னாரு. ஒம்போதுதான் இருக்குது."

"அவருக்கு எண்ணத் தெரியாது. சில்லறையே தப்பாத்தான் குடுப்பாரு."

கிரேஸ் சிரித்தாள். பிறகு அவன் நெஞ்சைப் பார்த்தாள். "சட்டப் பை இன்னா இவ்ளோ நனைஞ்சிருக்குது?"

குனிந்து பார்த்தான். பைக்குக் கீழே இடுப்பு வரை ஈரம் இறங்கியிருந்தது. மாடி ஒழுகுகிறது என்றான்.

அறிவிப்பு அறை உள்ளே. நான்கு சுவரிலும் உமி அடைத்த கோணிகளை அடுக்கித் தைத்திருந்தார்கள். உள்ளே நின்று கத்தினால் வெளியே கேட்காது. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். ஒருமுறை சோடாக்கடைக்காரர் தன் விளம்பரம் வரவில்லையென்று நேராக உள்ளே புகுந்து, மைக் திறந்திருக்கும்போதே பாயின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டியதை ஊரே கேட்டது. அன்றிலிருந்து, ஆள் உள்ளே போனால் ஆபரேட்டர் வெளியே பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்ட வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சாண் கண்ணாடி. மைக் திறந்தால் உள்ளே சிவப்பு பல்பு எரியும்.

கிரேஸ் உள்ளே போனாள். பூட்டினான். சாவியை ஆணியில் மாட்டினான். மணி ஆறு. முதல் ரெக்கார்டைச் சுழலவிட்டான். பாட்டு நன்றாகத்தான் போனது. மீட்டர் முள்தான் வழக்கத்தைவிட ஒரு கோடு கீழே நின்றது. ஆறு குழாய் இழுக்கும்போது அது ஒரு இடத்தில் நிற்கும். ஏழு இழுக்கும்போது ஒரு கோடு இறங்கும். விரலால் கண்ணாடியைத் தட்டினான். முள் அசையவில்லை.

ஆறரைக்கு சின்னதுரை வந்தான். லைன்மேனாக இருந்தவன், இப்போது கீழே மண்டியில் மூட்டை தூக்குகிறான். தலையில் கோணி போட்டிருந்தான். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நாளைக்கி உப்பளத்து ஜனங்க பஞ்சாயத்துக்கு உக்கார்றாங்க, அரசப்பா."

"தெரியும்."

"ஊர வுட்டுப் போன்னு சொல்லப் போறாங்க. எம் பொண்டாட்டி மாசமாக்கிறா. எங்க போவ?"

"நான் இன்னா பண்ண முடியும்?"

"ஒரு வார்த்த சொல்லேன். மைக்குல. என் ஜாயிண்டு மேல தப்பு இல்லன்னு. நான் தொண்ட கிழியக் கத்திட்டேன், ஒரு நாய் நம்பல. குழாய்ல சொன்னா இந்த ஊரு நம்பும்."

"தண்ணி பூந்து ஷார்ட்டு ஆயிருக்கும்னு அன்னிக்கே சொன்னேன்."

"தண்ணி ஏழரைக்கு வந்துது. கிரேஸு வெள்ளம் வருதுன்னு படிச்சது ஆறே முக்காலுக்கு." சின்னதுரை குரலை உயர்த்தவே இல்லை. "மூணு மைலு கம்பியும் என் கையாலதான் சுருட்டுனேன். ஒரு எடத்துல அறுவல. ஒரு ஜாயிண்டு நவுரல. அப்ப எங்க நின்னுது?"

அரசப்பன் ரெக்கார்டை மாற்றினான். ஊசியை வைக்கும்போது அது வழுக்கி ஒரு கீறல் சத்தம் ஊர் முழுக்கப் போனது.

"எனக்குத் தெரியாது. வேலைய பாக்கணும். போ."

சின்னதுரை பலகையைப் பார்த்தான், ஏழாவது ஓட்டையை. பிறகு படியிறங்கிப் போனான். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

எங்கே நின்றது என்று அரசப்பனுக்குத் தெரியும். இந்த மேஜையில்தான் நின்றது.

போன வருஷம் இதே மாதத்தில் ஏழாம் லைன் ஈரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் மற்ற லைன்களிலும் ஏறியது. அன்றைக்குத்தான் கூந்தல் தைலக் கம்பெனி ஆள் மெட்ராசிலிருந்து வந்து டீக்கடையில் உட்கார்ந்து தன் அரைமணி நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பாய் சொல்லி அனுப்பினார். அரசப்பன் ஏழின் பிளக்கைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தான். தைலம் முடிந்ததும் சொருகிவிடலாம். நடுவில் ரயிலடியிலிருந்து சீட்டு வந்தது: கொசத்தலை ஆற்றில் வெள்ளம், கடலும் ஏறுகிறது, உப்பளத்தில் இருப்பவர்கள் உடனே ரயில் மேட்டுக்குப் போகவும். கிரேஸ் மூன்று முறை படித்தாள். அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மேஜையருகே நின்று கேட்டான். கைக்கு அருகிலேயே ஏழின் பிளக் கிடந்தது. ஒன்பது மணிக்குத்தான் கண்ணில் பட்டது. ஹெட்போனில் கேட்டான். குழாய்க்குள் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. பிளக்கைச் சொருகிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். மறுநாள், லைன் அறுந்துவிட்டது என்றான்.

அதைவிடக் கேவலம் இன்னொன்று. கொட்டகையில் குழாய் மாட்டிய அன்று அவர்களிடம் அவன்தான் பெருமையாகச் சொன்னான்: ஏதாவது ஆபத்துன்னா குழாய்ல சொல்லுவோம், குழாய் சொல்ற வரைக்கும் எங்கியும் போவாதீங்க. ரயில் மேடு அரை மைல் தூரம். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகும் அவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. கிரேஸ் வெளியே வந்து குடையை எடுத்தாள். வாசலில் நின்றாள்.

"அன்னிக்கி நான் சரியாத்தானே படிச்சேன், அண்ணே?"

"சரியாத்தான் படிச்சே."

"மூணு வாட்டி படிச்சேன். பேர் பேரா கூப்பிட்டிருந்தா கெளம்பியிருப்பாங்களோன்னு தோணுது." அவள் படியைப் பார்த்தாள். "சின்னதுரை கீழயே உக்காந்துக்கினு இருந்தாரு. இப்பதான் போறாரு, பாவம். வரேண்ணே."

அவள் காலடி மண்டியைத் தாண்டித் தெருவில் கரைந்தது. அரசப்பன் ரெக்கார்டுகளை உறையில் போட்டான். ஆம்ப்ளிபயரை அணைத்தான். வால்வுகள் சிவந்து, மங்கி, கறுத்தன. மீட்டர் முள் முழுக்கக் கீழே போக வேண்டும். போகவில்லை. ஒரு கோட்டில் நின்றது.

வீட்டுக்குப் போயிருக்கலாம். அவனால் முடியவில்லை. ஹெட்போனை எடுத்தான். ஏழில் சொருகினான்.

"இன்னும் ஒண்ணியும் சொல்லலியே." ஒரு பெண் குரல்.

"சொல்லுவாங்க. அரசப்பன் சொல்லிட்டுப் போச்சு இல்ல." கிழவனின் குரல், சளியோடு. ஆதிநாராயணன். "குழாய் சொல்ற வரிக்கும் போவக் கூடாது."

"கால் நனையுது, நைனா."

"புள்ளய மேல தூக்கிக்கோ."

தண்ணீர் எதையோ மெல்ல முட்டியது. கீற்று முறிந்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழாய்க்கு அவர்கள் மரியாதை கொடுத்தார்கள். பேர் படிக்கும்போது பேசக் கூடாது என்று பழகியவர்கள்.

"முட்டிக்கு வந்துடுச்சு."

"இரு. இப்ப சொல்லுவாங்க."

அரசப்பன் பையிலிருந்து கார்டை எடுத்தான். மை கலையவில்லை. சொன்னால் கிளம்புகிறோம். அவ்வளவுதானே கேட்கிறார்கள். சொல்லிவிட்டால் போய்விடுவார்கள். ஒரு வருஷம் தாமதம், ஆனால் சொல்லிவிடலாம்.

ஆம்ப்ளிபயரைத் திரும்பப் போட்டான். வால்வுகள் சிவந்தன. மைக்குக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்தான். பஜாரைப் பிடுங்கினான். ரைஸ் மில்லைப் பிடுங்கினான். ரயிலடி. நான்கு, ஐந்து, ஆறு. ஆறு பிளக்கும் மேஜைமேல் செத்த தவளைகள் மாதிரிக் கிடந்தன. அவன் சொல்லப் போவதை உமர் பாரூக்கும் சின்னதுரையும் கேட்க வேண்டிய அவசியமில்லை. யார் கேட்க வேண்டுமோ அவர்கள் மட்டும் கேட்டால் போதும்.

ஏழின் பிளக்கை மட்டும் ஆம்ப்ளிபயரில் சொருகினான். ஹெட்போனையும் அதே லைனில் சேர்த்து, அதன் நீளக் கம்பியை இழுத்துக்கொண்டு அறிவிப்பு அறைக்குப் போனான். மண்டியின் ஐந்து வீசை எடைக்கல்லைத் திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்தான். இரண்டு தடவை தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

உள்ளே உமியின் நாற்றம். நனைந்த உமி. கோணிகள் முழங்கால் உயரம் வரை கறுத்திருந்தன, தண்ணீர் ஏறி நின்ற இடம்போல.

உட்கார்ந்தான். மைக்கைத் திறந்தான். சிவப்பு பல்பு எரிந்தது.

"ஏழாம் லைன்." கார்டைப் பல்புக்கு நேராகப் பிடித்தான். "ஏழாம் லைன் கேட்டுக்கோங்க. மணியம்மாள். அஞ்சம்மாள். ஆதிநாராயணன். லாசரு." ஒவ்வொரு பேரையும் படித்தான். குழந்தைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "புள்ள" என்றான். "வெள்ளம் வருது. எல்லாரும் உடனே மேட்டுக்குப் போங்க. தப்பு என்னுது. பிளக்கப் பிடுங்கினது நான்தான். மேட்டுக்குப் போயிடுங்க."

மைக்கை மூடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.

நெடுநேரம் மழை மட்டும்.

பிறகு துணிகள் உரசின. முட்டிகள் நெட்டி முறிந்தன. தண்ணீரில் கால்கள்.

"சொல்லிட்டாங்க. ஏந்திரிங்க."

அரசப்பன் மூச்சை விட்டான். கண்ணில் நீர் வந்தது. போகிறார்கள்.

"மேடு எந்தப் பக்கம், நைனா? ஒரே இருட்டாக்கீது."

"அதோ பாரு. செவப்பா ஒரு வெளக்கு."

"ஆமா."

"அண்ணன் அங்கதான் இருக்குது. அதான் மேடு."

மைக்கின் விசையைத் தட்டினான். பல்பு அணையவில்லை. மறுபடி தட்டினான். எரிந்தது.

கீழே மண்டியின் பெரிய கதவு திறந்தது. அது ஹெட்போனில் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினான். கீழே, மாடிப்படியில், ஈரமான கால்கள். நிதானமாக. கிழவனின் இருமல் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்றது. யாரோ கிழவனுக்குக் கை கொடுத்தார்கள். சுவரில் மாட்டியிருந்த கம்பிச் சுருள் ஒன்று ஆடி ஓசையிட்டது.

"சின்னதுரை," என்று கத்தினான். உமி அதை விழுங்கியது. மைக்கில் வாயை வைத்துக் கத்தினான். "சின்னதுரை. பாரூக்கண்ணே. கிரேஸு." பிறகுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தான். மேஜைமேல் ஆறு பிளக்.

படிச் சத்தம் நின்றது. வெளி அறையில் தரைப் பலகைகள் முனகின.

கதவுப் பக்கம் திரும்பினான். எடைக்கல்லை யாரோ ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். யார் காலிலும் இடிக்காமல் இருக்க.

முதலில் உப்பு நாற்றம் வந்தது. பிறகு அவர்கள். குனிந்து, ஒவ்வொருவராக, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற கூச்சத்தோடு. சேலைகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முகங்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது, கண் இருக்க வேண்டிய இடங்களிலும். அவனைச் சுற்றித் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முகத்தை நிமிர்த்தி, குழாயைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள். தேசம்மாள் கடைசியாக வந்தாள். இடமில்லை. பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். குளிர்ந்து, கனமாக, ஒரு படி உப்புபோல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆணியிலிருந்து சாவி எழும்பியது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு ஒருமுறை திரும்பியது.